ஜார்ஜியா 2020-ல் எப்படி ஓட்டுப் போட்டது? ஒரு மாநிலத்தின் முடிவைப் பிரித்துப் படிக்கும் வழி

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சூட்டோடு ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். மாநிலம் முழுக்கச் சிவப்பு (ட்ரம்பின் குடியரசுக் கட்சி), அங்கங்கே கொஞ்சம் நீலம் (பைடனின் ஜனநாயகக் கட்சி), கீழே "இதைப் பார்த்த பிறகும் நீலம்தான் ஜெயித்தது என்று நம்புகிறீர்களா?" என்று ஒரு வரி. ஜார்ஜியாவின் 2020 வரைபடம் அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். மொத்தம் 159 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதில் டொனால்ட் ட்ரம்ப் எடுத்தது 129, ஜோ பைடன் எடுத்தது வெறும் 30. ஆனால் மாநிலத்தில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே மொத்தமாகப் போகும் 16 தேர்வாளர் வாக்குகளும் பைடனுக்குத்தான் போயின, 11,779 ஓட்டு வித்தியாசத்தில்.

இது எப்படி என்று கேட்பவர்களிடம் "நகரத்தில் ஜனம் ஜாஸ்தி" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், அது சரியான பதிலும்கூட, ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. 2016-ல் இதே நகரம் இதே இடத்தில்தானே இருந்தது, அப்போது ஏன் ட்ரம்ப் ஜெயித்தார்? இந்த இரண்டாவது கேள்விக்கு நீங்களே உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதப்போகிறேன். ஜார்ஜியா ஓர் உதாரணம்தான், எந்த மாநிலத்துக்கும் இதே வேலைதான். தேவைப்படுவது ஒரு எக்செல் கோப்பு, இரண்டு தேர்தல்களின் கவுண்டி வாரியான முடிவுகள், கூட்டல் கழித்தல். அரசியல் ஞானம் கடைசியில் வந்தால் போதும், முதலிலேயே வந்தால் தொந்தரவு.

முதலில், எந்த எண் சரியான எண்?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதிப் பேர் இங்கேயே வழுக்கிவிடுகிறார்கள். ஜார்ஜியா 2020-க்கு நீங்கள் தேடினால் பைடனின் முன்னிலை என்று நாலு எண்கள் கிடைக்கும்: 14,000 சொச்சம், 12,284, 12,670, 11,779. நாலும் பொய் இல்லை, நாலும் வெவ்வேறு கட்டத்தில் எடுத்தவை. முதல் எண்ணிக்கை முடிந்தபோது இருந்தது 14,000 சொச்சம். அதன் பிறகு தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர், இவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 50 லட்சம் காகிதச் சீட்டுகளையும் கையால் எண்ணச் சொன்னார். அந்தத் தணிக்கையில் வந்த வித்தியாசம் 12,284. அந்த வேலை நடக்கும்போதே சில கவுண்டிகளில் முதல் எண்ணிக்கையில் சேராமல் போன ஓட்டுகள் வெளியே வந்தன. ஃபேயட் கவுண்டியில் ஒரு மெமரி கார்டில் இருந்த 2,755 ஓட்டுகள் கணக்கில் ஏறாமலே இருந்தன, ஃப்ளாய்ட் கவுண்டியில் 2,600-ஐ ஒட்டிய சீட்டுகள் ஸ்கேன் ஆகாமல் கிடந்தன. இவற்றைச் சேர்த்து நவம்பர் 20-ஆம் தேதி சான்றளித்த முடிவில் வித்தியாசம் 12,670. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்ததால் தோற்றவர் மறுஎண்ணிக்கை கேட்கலாம் என்பது அங்குள்ள சட்டம், ட்ரம்ப் தரப்பு கேட்டது, ஸ்கேனரில் மறுபடி ஓட்டினார்கள், அதில் வந்தது 11,779. அதுதான் இறுதி.

நீங்கள் எடுக்க வேண்டியது எப்போதுமே கடைசியாகச் சான்றளித்த எண். கையால் எண்ணியதுதானே சுத்தமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அந்தத் தணிக்கையின் வேலை ஜெயித்தவர் ஜெயித்தவர்தானா என்று பார்ப்பது மட்டும்தான், அந்த எண்ணிக்கை அதிகாரபூர்வ முடிவின் இடத்தைப் பிடிக்காது. மனிதர்கள் கட்டுக் கட்டாகக் கையால் எண்ணினால் அங்கே இங்கே ஒன்றிரண்டு கூடும் குறையும். 50 லட்சத்தில் சில நூறு மாறுவது அசிங்கம் இல்லை, மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

2021 ஜனவரி 2-ஆம் தேதி ட்ரம்ப் ராஃபன்ஸ்பெர்கருக்குத் தொலைபேசியில் பேசி 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்ன அந்தப் பேச்சு நினைவிருக்கலாம். 11,779-ஐவிட ஒன்று கூட. எந்த எண் இறுதி என்பதில் அந்தப் பக்கத்துக்கும் குழப்பம் இல்லை.

சரி, இறுதி முடிவு இதோ: பைடன் 24,73,633. ட்ரம்ப் 24,61,854. லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சியின் ஜோ ஜோர்கென்சன் 62,229. மொத்தத்தில் வித்தியாசம் சுமார் 0.24 சதவீதப் புள்ளி.

கலரை மூடிவைத்துவிட்டுப் பட்டியலைத் திறங்கள்

கவுண்டி வாரியான முடிவுகளை ஜார்ஜியா மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் தளத்திலேயே எடுக்கலாம். பழைய தேர்தல்களுக்கு டேவ் லீப் நடத்தும் தேர்தல் அட்லஸ் தளம் வசதி, எம்ஐடியின் தேர்தல் தரவு மையமும் கோப்புகளாகத் தருகிறது. டேவ் லீப் தளத்தில் ஓர் எச்சரிக்கை: அங்கே ஜனநாயகக் கட்சிக்குச் சிவப்பு, குடியரசுக் கட்சிக்கு நீலம். ஊர் உலகம் தொலைக்காட்சி வழக்கப்படி மாறிப்போன பிறகும் அந்த மனிதர் தன் பழைய வண்ணத்தை விடவில்லை. அந்த வரைபடத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

வரைபடத்தில் என்ன கோளாறு என்றால் அது நிலத்தைக் காட்டுகிறது. தென்கிழக்கே பிராண்ட்லி என்று ஒரு கவுண்டி, 2020-ல் அங்கே ட்ரம்புக்கு 90 சதவீதம் விழுந்தது. பார்த்தால் அடர் சிவப்பு, பெரிய பரப்பு. ஆனால் அங்கே பதிவான மொத்த ஓட்டே எட்டாயிரத்துக்குப் பக்கம்தான். அட்லாண்டாவை ஒட்டிய டிகால்ப் கவுண்டி வரைபடத்தில் நகக்கண் அளவு, அதில் பைடனுக்கு மட்டும் 3 லட்சத்துக்கு மேல். ஆகவே எக்செலில் கவுண்டிகளை அகரவரிசையில் வைக்காமல் மொத்த ஓட்டு வரிசையில் அடுக்குங்கள். முதல் நாலு வரியில் ஃபுல்டன், குவினெட், காப், டிகால்ப் வந்து நிற்கும். நாலும் அட்லாண்டாவும் அதைச் சுற்றிய புறநகரும். கீழே போகப் போக ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு மட்டுமே உள்ள கவுண்டிகள் வரும். இவ்வளவு சின்னச் சின்னதாக 159 கவுண்டிகளை எதற்காக வெட்டிவைத்தார்கள் என்பது தனிக் கதை, அதற்குள் போனால் திரும்பி வர மாட்டோம்.

நீலம் எல்லாமே நகரம் என்றும் எண்ண வேண்டாம். மாநிலத்தின் நடுவில் கிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு பட்டை மாதிரி நீலம் ஓடும். பருத்தித் தோட்டங்கள் இருந்த மண், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இன்றும் பெரும்பான்மையாகவோ அதற்குப் பக்கத்திலோ வாழும் கவுண்டிகள். ஹான்காக் மாதிரியான சின்னக் கிராமப்புறக் கவுண்டிகளில் பைடனுக்கு 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது இதனால்தான். அத்தோடு சவானா, அகஸ்டா, மேக்கன், கொலம்பஸ், பல்கலைக்கழக ஊரான ஏதன்ஸ். ஆனால் இவை எல்லாம் 2016-லும் நீலம்தான். மாற்றம் வந்தது வேறு இடத்திலிருந்து.

கழித்துப் பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது

இதுதான் முக்கியமான வேலை, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும் 2016-ல் ஜனநாயகக் கட்சி எத்தனை ஓட்டு முன்னிலை அல்லது பின்னடைவு, 2020-ல் எத்தனை என்று இரண்டு பத்தி போடுங்கள். பின்னடைவாக இருந்தால் மைனஸ். பிறகு 2020-லிருந்து 2016-ஐக் கழித்து மூன்றாவது பத்தி. அவ்வளவுதான்.

மாநில அளவில் முதலில் பார்த்துவிடலாம். 2016-ல் ட்ரம்ப் 20,89,104, ஹிலரி கிளின்டன் 18,77,963. ட்ரம்ப் 2,11,141 ஓட்டில் முன்னே. 2020-ல் பைடன் 11,779 முன்னே. ஆக மொத்தம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நகர்ந்தது 2,22,920 ஓட்டு. ஊரே 11,779-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இந்த 2,22,920. முன்னது யார் ஜெயித்தார் என்று சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ட்ரம்புக்கு 2016-ஐவிட 2020-ல் ஓட்டுக் குறையவில்லை, 3,72,750 கூடியது. "ஜார்ஜியா மக்கள் ட்ரம்பைக் கைவிட்டார்கள்" என்று எழுதினவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவில்லை. கிளின்டனைவிடப் பைடனுக்கு 5,95,670 கூடியது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பக்கமும் கூட்டம் கூடியது, ஒரு பக்கம் இன்னும் அதிகமாகக் கூடியது. 2016-லிருந்து ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிறவர்களை வேண்டாம் என்று சொல்லாதவரை வாக்காளராகவும் பதிவு செய்துவிடும் முறை ஜார்ஜியாவில் இருக்கிறது, குடியேறி வருகிறவர்களும் அதிகம், அதனால் பட்டியலே பெருத்துவிட்டது. நாலு வருடத்தில் பதிவான ஓட்டு 41 லட்சத்திலிருந்து 50 லட்சமானது.

இப்போது கவுண்டிகளுக்கு வாருங்கள். மூன்றாவது பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால்:

ஃபுல்டன்: முன்னிலை சுமார் 1,79,000-லிருந்து 2,43,000. கூடியது 64,000-க்குப் பக்கம்.
குவினெட்: சுமார் 19,000-லிருந்து 75,600. கூடியது 56,000.
டிகால்ப்: சுமார் 2,00,000-லிருந்து 2,50,000. கூடியது 50,000.
காப்: சுமார் 7,000-லிருந்து 56,000. கூடியது 49,000.

நாலையும் கூட்டினால் 2,19,000. மாநிலம் முழுக்க நகர்ந்ததே 2,22,920தான்! மீதி 155 கவுண்டிகள் சேர்ந்து ஒன்றும் செய்யவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அவற்றில் ஹென்றி, கிளேட்டன் போன்றவை நீலப் பக்கம் நகர்ந்தன, தெற்கிலும் வடக்கு மலைப்பகுதியிலும் பல சின்னக் கவுண்டிகளில் ட்ரம்பின் முன்னிலை இன்னும் கூடியது, இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சாப்பிட்டுவிட்டன. ஆனாலும் இந்த ஒரு கூட்டல், நூறு தொலைக்காட்சி விவாதம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

அந்த நாலிலும் குவினெட்டும் காப்பும்தான் என்னைப் பொறுத்தவரை உண்மையான செய்தி. ஃபுல்டனும் டிகால்பும் நெடுங்காலமாகவே ஜனநாயகக் கட்சிக் கோட்டை. காப்பும் குவினெட்டும் 2012-ல்கூடக் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி வசதியாக ஜெயித்த இடங்கள். 2016-ல்தான், ஜிம்மி கார்ட்டர் 1976-ல் ஜெயித்ததற்குப் பிறகு முதல் தடவையாக, அவை ஜனநாயகக் கட்சிப் பக்கம் வந்தன, அதுவும் சிறிய வித்தியாசத்தில். மாநிலம் சிவப்பாக முடிந்ததால் அன்றைக்கு அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. முடிவு வந்த ராத்திரியில் கவுண்டிகளைக் கழித்துப் பார்த்திருந்தால் 2020 அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

ஃபோர்சைத் என்ற ஒரு வரி

தோற்ற கவுண்டிகளையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டி, ஊர் பெயர் கம்மிங். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக்கில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி நன்றாகவே தெரியும், ஐடி வேலை, நல்ல பள்ளிக்கூடம் என்று ஃபுல்டன் எல்லையைத் தாண்டி வீடு வாங்கிப் போனவர்கள் நிறைய. வரைபடத்தில் பார்த்தால் சிவப்பு, பல வருடமாக எல்லாத் தேர்தலிலும் சிவப்பு. "அங்கே என்ன இருக்கிறது பார்க்க" என்று தாண்டிப் போய்விடுவோம்.

எண்களைப் பாருங்கள். 2012-ல் ராம்னிக்கு 80 சதவீதம். 2016-ல் ட்ரம்புக்கு 71, கிளின்டனுக்கு 24. 2020-ல் ட்ரம்புக்கு 66, பைடனுக்கு 33. எட்டே வருடத்தில் வித்தியாசம் அறுபது சொச்சம் புள்ளியிலிருந்து 33-க்கு இறங்கிவிட்டது. ஓட்டுக் கணக்கில் பார்த்தால் இன்னும் சுவாரசியம்: 2016-க்கும் 2020-க்கும் இடையில் அங்கே பதிவான ஓட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, ஆனால் ட்ரம்பின் முன்னிலை சுமார் 46,000-லிருந்து 43,000-ஆகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு வளரும் ஒரு கவுண்டி பழைய விகிதத்திலேயே ஓட்டுப் போட்டிருந்தால் ட்ரம்புக்கு இங்கிருந்து மட்டும் 60,000-க்கு மேல் முன்னிலை கிடைத்திருக்கும். 11,779-ல் தோற்ற மாநிலத்தில் அந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

இதே ஃபோர்சைத்தில்தான் 1912-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை, அநேகமாக ஒருவர் விடாமல், வன்முறையால் விரட்டியடித்தார்கள். 1980-களின் கடைசி வரை அது வெள்ளையர் மட்டும் வாழும் கவுண்டியாகவே இருந்தது, 1987 ஜனவரியில் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக ஊர்வலம் போனவர்கள்மேல் கல் எறிந்தார்கள், அடுத்த வாரம் ஏறக்குறைய 20,000 பேர் திரும்பி வந்து நடந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 2.5 லட்சம் பேர், அதில் 18 சதவீதத்துக்குப் பக்கம் ஆசிய வம்சாவளியினர், பெரும்பகுதி இந்தியர்கள். ஒரு கவுண்டியின் நிறம் மாறாமலேயே அதன் உள்ளே எல்லாம் மாறிப்போயிருக்கலாம், அதைக் கழித்தல் காட்டும், வரைபடம் காட்டாது.

ஒரு சின்ன யோசனை: புள்ளிக் கணக்கில் ஒரு பத்தி, ஓட்டுக் கணக்கில் ஒரு பத்தி என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி மட்டும் பார்த்தால் மூவாயிரம் ஓட்டுள்ள கவுண்டி பத்துப் புள்ளி நகர்ந்ததைப் பெரிய புரட்சி என்று எண்ணிவிடுவீர்கள். ஓட்டு மட்டும் பார்த்தால் பெரிய கவுண்டி தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

ராத்திரி எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

நவம்பர் 4, புதன்கிழமை காலையில் ட்ரம்ப் ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு முன்னே. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளேட்டன் கவுண்டியிலிருந்து ஒரு தொகுதி வந்தது, பைடன் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் முன்னே போனார். "ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு முளைத்தது" என்ற பேச்சு இங்கேதான் பிறந்தது.

ஜார்ஜியாவின் கவுண்டி முடிவுகள் ஓட்டுப் போட்ட விதத்தின்படி பிரித்தே வெளியாகும்: தேர்தல் நாளில் நேரில், முன்கூட்டியே நேரில், தபாலில், தற்காலிகச் சீட்டில் (வாக்காளரின் தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணுவது). இந்த நாலு பத்தியையும் எடுத்துப் பார்த்தால் மர்மம் கலைந்துவிடும். 2020-ல் கொரோனா காரணமாகத் தபாலில் வந்தவை ஏறக்குறைய 13 லட்சம். அதில் பைடனுக்கு 65 சதவீதம். ட்ரம்ப் தன் ஆதரவாளர்களிடம் தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்ததால் அவர்கள் நேரில் போனார்கள், நேரில் போட்டவற்றில் அவர்தான் முன்னே. தபால் உறைகளில் கையெழுத்தைச் சரிபார்த்து, பிரித்து, ஸ்கேன் செய்வதற்கு நேரம் பிடிக்கும், பெரிய கவுண்டியில் இன்னும் நேரம் பிடிக்கும். கிளேட்டனில் மொத்தமாகவே பைடனுக்கு 85 சதவீதம், அங்கே கடைசியாக எண்ணிய தபால் ஓட்டு வேறு எப்படி இருக்கும்?

எந்த வரிசையில் எண்ணினாலும் கடைசிக் கூட்டுத்தொகை ஒன்றுதான். அதனால் பழைய தேர்தலைப் படிக்கிறவர் நேரவாரியான முன்னிலையைப் பார்க்கவே வேண்டாம், அது தொலைக்காட்சிக்காரர்களின் வியாபாரம். அசோசியேட்டட் பிரஸ் ஜார்ஜியா முடிவை அறிவித்ததே நவம்பர் 19-ஆம் தேதி, கையால் எண்ணி முடித்த பிறகு.

அதே சீட்டில் இருந்த மற்ற போட்டிகள்

இதைப் பலர் செய்வதில்லை, செய்தால் ருசி தெரியும். அதே நாளில் அதே காகிதத்தில் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கான போட்டியும் இருந்தது. குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டூ வாங்கியது 24,62,617. ட்ரம்பைவிட எழுநூற்றுச் சொச்சம் அதிகம். ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசஃப் வாங்கியது 23,74,519, அதாவது பைடனைவிட 99,114 குறைவு. ஏறக்குறைய ஒரு லட்சம்! அந்த ஒரு லட்சத்தில் சிலர் மேலே பைடனுக்குப் போட்டுவிட்டுக் கீழே பெர்டூவுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் லிபர்டேரியனுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் செனட் பகுதியைத் தொடாமலே விட்டிருப்பார்கள். எது எத்தனை என்று கூட்டுத்தொகையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ட்ரம்ப் வேண்டாம், அவர் கட்சி இருக்கட்டும் என்று நினைத்த ஒரு கூட்டம் இருந்தது என்பது மட்டும் தெளிவு. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் பைடனுக்கு ஜார்ஜியா இல்லை.

மோசடி என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: கள்ள ஓட்டுப் போடுகிறவன் அதிபர் பகுதியில் மட்டும் போட்டுவிட்டு, நாட்டின் செனட்டையே தீர்மானிக்கும் போட்டியைச் சும்மா விடுவானா? பெர்டூவுக்கு 49.7 சதவீதம்தான் வந்தது, பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்பது ஜார்ஜியா விதி, அதனால் ஜனவரி 5-ஆம் தேதி மறுதேர்தல், அதில் ஆசஃப் ஜெயித்தார். அன்றைக்கே இன்னொரு செனட் இடத்தில் ரஃபேல் வார்னாக்கும் ஜெயித்ததால் செனட்டே கை மாறியது.

ஜோர்கென்சனின் 62,229-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வித்தியாசத்தைவிட ஐந்து மடங்கு, ஆகவே "அவர் ட்ரம்ப் ஓட்டைப் பிரித்துவிட்டார்" என்று எழுதுவது சுலபம். அவர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மக்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். மூன்றாவது ஆள் வாங்கிய ஓட்டை உங்கள் இஷ்டத்துக்கு யார் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

"எங்களால்தான் ஜெயித்தார்"

2020 முடிந்ததும் ஜார்ஜியாவில் எல்லாரும் இதைச் சொன்னார்கள். கறுப்பினப் பெண்கள், புறநகர்க் கல்லூரிப் பட்டதாரிகள், ஆசியர்கள், முதல் முறை வாக்களித்த இளைஞர்கள். ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸும் அவர் போன்றவர்களும் பத்து வருடமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்த வாக்காளர்கள் என்று ஒரு தரப்பு சொன்னது, அதில் நியாயம் நிறைய உண்டு, டிசம்பர் 14-ஆம் தேதி அட்லாண்டா சட்டமன்றக் கட்டடத்தில் 16 தேர்வாளர்களும் கூடி ஓட்டுப் போட்டபோது தலைமை தாங்கியவரும் ஏப்ரம்ஸ்தான். நம் இந்திய வாட்ஸ்அப் குழுக்களிலும் "நம்மாளுங்க ஓட்டுதான் தீர்மானித்தது" என்று பெருமையாக ஓடியது.

கணக்குப்படி எல்லாருமே சரி, அதனாலேயே அந்த வாக்கியத்துக்கு மதிப்பு இல்லை. வித்தியாசம் 11,779 என்றால் பன்னிரண்டாயிரம் ஓட்டு உள்ள எந்தக் குழுவும் தானே தீர்மானித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கேட்க வேண்டியது வேறு: 2016-க்கும் 2020-க்கும் இடையில் எந்தக் குழு எவ்வளவு கூடியது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது?

இதற்கு ஜார்ஜியா ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது, ஒரு வசதியைச் செய்யாமலும் விட்டிருக்கிறது. வாக்காளர் பதிவுப் படிவத்தில் இனம் கேட்பார்கள், அதனால் எந்த இனத்தவர் எத்தனை பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பது கருத்துக்கணிப்பு இல்லாமல் பதிவேட்டிலிருந்தே தெரியும், இது எல்லா மாநிலத்திலும் கிடைக்காது. ஆனால் கட்சி கேட்க மாட்டார்கள். "ஜார்ஜியாவில் பதிவு செய்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இத்தனை பேர்" என்று யாராவது எண் சொன்னால் அது வேறு எங்கிருந்தோ வந்த எண், அங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம். யாருக்குப் போட்டார்கள் என்பதற்கு வாக்குச்சாவடி வாசல் கணிப்புகளைத்தான் நம்ப வேண்டும், அவற்றில் சின்னக் குழுக்களின் எண்ணிக்கை ஆட்டம் போடும். பெரிய குழுக்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கவுண்டி எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உத்தமம்.

பின்னாடியும் போங்கள், முன்னாடியும் போங்கள்

ஒரே தேர்தலைப் பார்த்தால் எதுவுமே அதிசயமாகத்தான் தெரியும். ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சி அதற்கு முன் கடைசியாக ஜெயித்தது 1992-ல், பில் கிளின்டன், 13,714 ஓட்டில், சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கிய தேர்தல். அதற்கும் முன் 1976-ல் சொந்த மாநிலத்துக்காரரான கார்ட்டர் 159 கவுண்டிகளையும் ஒன்று விடாமல் எடுத்தார். பிறகு குடியரசுக் கட்சியின் முன்னிலையை வரிசையாக எழுதுங்கள்: 2004-ல் 16.6 புள்ளி, 2008-ல் 5.2, 2012-ல் 7.8, 2016-ல் 5.1, 2020-ல் பூஜ்யத்துக்குக் கீழே. 2012-ல் நாடு முழுக்க ஒபாமாவின் முன்னிலை குறைந்தது, ஜார்ஜியாவும் அத்தோடு போனது. 2016-ல் நாடு குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்தபோது ஜார்ஜியா எதிர்ப்பக்கம் நகர்ந்தது. மாநிலத்தின் மாற்றத்தை நாட்டின் மாற்றத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரியும், அதனால் நாட்டு மொத்தத்துக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2024-ஐ நீங்களே செய்து பாருங்கள், நான் தொடக்கம் மட்டும் தருகிறேன். ட்ரம்ப் 26,63,117, கமலா ஹாரிஸ் 25,48,017, வித்தியாசம் 1,15,100. ஹாரிஸ் தோற்றார், ஆனால் பைடன் ஜெயித்தபோது வாங்கியதைவிட 74,384 ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். ட்ரம்புக்குக் கூடியது 2,01,263. "ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்" என்ற விளக்கம் வேறு மாநிலத்துக்குப் பொருந்தலாம், மொத்த எண்ணைப் பார்த்தால் இங்கே அப்படி நேராகப் பொருந்தாது. கவுண்டி கோப்பைத் திறந்ததும் இரண்டு இடங்களை முதலில் கழியுங்கள். ஒன்று, நடுப் பட்டையில் இருக்கும் பால்டுவின், வாஷிங்டன், ஜெஃபர்சன், இந்த மூன்றும் 2024-ல் ட்ரம்புக்கு மாறியவை. இன்னொன்று அட்லாண்டாவுக்குத் தெற்கே ஹென்றி, 2012-ல் ராம்னி ஜெயித்த கவுண்டி, 2020-ல் பைடனுக்கு ஏறக்குறைய 60 சதவீதம் தந்தது, மாநிலமே எதிர்ப்பக்கம் போன 2024-லும் அது இன்னும் நீலப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. இந்த நாலு வரியையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓட்டுக் கூடியதா, குறைந்ததா, எந்தக் கட்சிக்கு என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள், அதன் பிறகு மற்ற 155-க்குப் போகலாம்.